எலும்புக்குப் பசி

"அசையாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிற பிரேமா தன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அசையாமல் கிடப்பதுதான் எனக்குச் சுத்தமாக வராத காரியம் என்று அவளுக்கு எப்படித் தெரியும். பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் நான், ஓடு, திரும்பு, எழும்பு, ஏன்ட்டி மரம் மாதிரி நிக்க என்று கத்தியே வயசைக் கழித்தவள், இப்போது மெத்தை விரித்த ஒரு பலகையில் மல்லாந்து, முட்டிக்குக் கீழே ஒரு பஞ்சுப் பெட்டியைக் கொடுத்து, நாற்காலியில் இருந்தவளை அப்படியே பின்னால் சாய்த்துவிட்ட மாதிரிக் கிடக்கிறேன். மேலே ஸ்கேன் மிஷினின் கை மெதுவாக நகர்கிறது, எலும்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அது பார்க்கிறதாம், வலி இல்லை, சத்தம்கூட அதிகம் இல்லை, ஏசி மட்டும் குளிர்கிறது. போன வருஷமும் இதே பலகைதான். அன்றைக்கு என்னை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து நாலு பேர் பிடித்து மாற்றினார்கள், இன்றைக்கு நானே நடந்துவந்து நானே ஏறிப் படுத்தேன், இது ஒன்றே போதாதா, போதும்தான், ஆனால் தாகமாக இருக்கிறது. வெளியே என் வீட்டுக்காரர் மடியில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது, காலையிலிருந்து அதை மறுபடி மறுபடி நிரப்பிவிட்டார். பத்துப் பதினைந்து நாளாகவே இந்தத் தாகம். வியாதி தெரியாமல் கிடந்த அந்த நாட்களிலும் முதலில் தாகம்தான் வந்தது. காலையில் ரத்தம் கொடுத்தாயிற்று, அந்த ரிசல்ட் இந்நேரம் மாடியில் டாக்டர் மெஹருன்னிசா மேசைக்குப் போயிருக்கும், கழுத்தில் எடுத்த புற்று திரும்ப வந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது ரத்தத்தில் இருக்கும் கால்சியம்தான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கால்சியம் ஏறினால் தாகம் எடுக்கும். தாகம் எடுக்கிறது. ஆகவே, என்று மனசு ஒரு கணக்கு டீச்சர் மாதிரி அடுத்த வரிக்குப் போகிறது, நான் அதை எழுதவிடாமல் கையைப் பிடிக்கிறேன், மேலே நகரும் வெள்ளைக் கையைப் பார் எப்சி, அதை மட்டும் பார்.

முதலில் உடைந்தது இடது மணிக்கட்டு. கோ-கோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், ஓடிவந்து கம்பத்தை ஒரு கையால் பிடித்துச் சுழன்று திரும்ப வேண்டும், எத்தனையோ ஆயிரம் தடவை திரும்பிய கம்பம், அன்றைக்குப் பிடித்ததும் டக்கென்று ஒரு சத்தம், பிள்ளைகள் குச்சி ஏதோ மிதிபட்டது என்று சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டுத்தான் கையைப் பார்த்தேன். கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வயசாகுதுல்ல, சத்து இல்ல, பால் குடிங்க என்று கால்சியம் மாத்திரை எழுதினார். வேளை தவறாமல் முழுங்கினேன். பாலும் குடித்தேன், ராகியும் குடித்தேன், என் ஜென்மத்தில் அவ்வளவு ஒழுக்கமாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. அப்புறம் தும்மினதில் ஒரு விலா எலும்பு. அப்புறம் விலாவுக்குக் கீழே உயிர் போகிற வலி, கிட்னியில் கல் என்றார்கள், அதற்கு வேறு ஒரு டாக்டர், வேறு ஒரு ஃபைல். அப்புறம் மூளைக்குள் பனி இறங்கினாற்போல ஒரு மந்தம், அதை யாரிடம் போய்ச் சொல்வது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு கிரவுண்டில் நிற்கிறேன், பிள்ளைகள் என்னையே பார்க்கிறார்கள், எதற்கு விசில் எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. டீமின் கேப்டன் பேர் மறந்துபோயிற்று, நான் பொறுக்கி எடுத்து வளர்த்த பிள்ளை, சந்தன மாரி, அவள் பேரையே நீ, ஏய், வா என்று சமாளித்தேன், அவள் முகம் வாடினதைப் பார்த்தும் பேர் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தால் எழும்ப மனசில்லை, காரணமே இல்லாமல் அழுகை. மனசு சரியில்லாமல் போச்சு, ஜெபம் பண்ணுங்க என்று சர்ச்சில் ஒருத்தர் என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். எப்சி சோம்பேறியாயிட்டா என்று நாத்தனார் சொன்னது காதில் விழுந்தது. அதுதான் எலும்பைவிட அதிகமாக வலித்தது, ஏனென்றால் நானே அதை நம்ப ஆரம்பித்திருந்தேன்.

"அடுத்து இடுப்பு டீச்சர், கம்பி வச்ச காலை விட்டுட்டு மத்தக் காலை எடுக்கேன்" என்று பிரேமா வந்து பெட்டியை எடுத்துவிட்டு வலது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி ஒரு முக்கோணப் பலகையில் பட்டை போட்டுக் கட்டுகிறாள். அவள் முகத்தைப் பார்க்கிறேன், முதுகுப் படம் அவள் திரையில் வந்திருக்கும், நல்ல படமாக இருந்தால் ஒரு சிரிப்பாவது சிரிக்க மாட்டாளா, அவள் பட்டை சரியாக இறுகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறாள். கம்பி வைத்த கால். அது உடைந்தது பஸ்ஸிலிருந்து இறங்கும்போது. விழக்கூட இல்லை, இடது காலைத் தரையில் வைத்தேன், தொடை எலும்பு என் கீழேயே மடிந்தது, அப்புறம்தான் விழுந்தேன். அப்போது கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரிதான் இது. ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் என் கால்சியம் பதினைந்துக்கு மேலே காட்டியது, பத்தரைக்குள் இருக்க வேண்டியதாம், லேபில் மிஷின் கெட்டுப்போச்சு என்று நினைத்துத் திரும்ப எடுத்தார்கள், மறுபடியும் அதேதான். அன்றைக்குச் சாயங்காலம்தான் அவர்கள் வந்தார்கள், இப்போது மாடியில் இருக்கும் அதே டாக்டர். சின்ன உருவம், தலையில் வெள்ளைத் துப்பட்டி, கையில் என் ஃபைல் ஒன்று, என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மற்ற ஃபைல்கள் எல்லாம். ஹார்மோன் டாக்டர், பேர் மெஹருன்னிசா, மேலப்பாளையம் என்றார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, "நீங்க கடைசியா நல்லா இருந்தது எப்போ டீச்சர், அங்க இருந்து சொல்லுங்க" என்றார்கள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. மணிக்கட்டைச் சொன்னேன், விலாவை, கல்லை, தாகத்தை, மலச்சிக்கலைக்கூடச் சொன்னேன். நான் சந்தன மாரியின் பேர் மறந்ததைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிறகு கையை உரசிச் சூடு பண்ணிக்கொண்டு என் கழுத்தில் வைத்து, "எச்சில் விழுங்குங்க" என்றார்கள். விழுங்கினேன். அந்த விரல் ஒரு இடத்தில் நின்றது. இன்னொரு தடவை. அங்கேயே நின்றது. இத்தனை டாக்டர்கள் கையையும் காலையும் முதுகையும் தொட்டார்கள், அந்த ஒரு சாண் கழுத்தை ஒருத்தரும் தொடவில்லையே.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு சுரப்பி எல்லாருக்கும் உண்டாம், ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடு என்று உத்தரவு போடுவது அதன் வேலையாம். "உங்களுக்கு அதுல ஒண்ணு நெல்லிக்காய் அளவுக்கு இருக்கு. போதும்னு நிறுத்தவே தெரியாம உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கு. உங்க எலும்பு பாவம், கேட்டதையெல்லாம் கொடுத்துக்கிட்டே இருந்திருக்கு. அந்தக் கால்சியம் ரத்தத்துல நிறைஞ்சதாலதான் கிட்னியில கல்லு, தலையில மந்தம், அழுகை எல்லாம். இது எல்லாமே ஒரே வியாதி டீச்சர். உங்க மேல ஒரு தப்பும் இல்ல." நான் அழுதேன். தொடை உடைந்தபோது அழாதவள் அந்தக் கடைசி வார்த்தைக்கு அழுதேன், அவர்கள் துடைக்க எதுவும் தேடாமல் தன் துப்பட்டி நுனியைக் கொடுத்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தாமல், முகத்தைத் திருப்பாமல் சொன்னார்கள், "பெரும்பாலும் இது சாதாரணக் கட்டியா இருக்கும். உங்களுக்கு அப்படின்னு எனக்குத் தோணல. இவ்வளவு கால்சியம், கையில தட்டுப்படுற அளவு கட்டி, எலும்பும் கிட்னியும் சேர்ந்து கெட்டுப்போயிருக்கு. கேன்சரா இருக்கலாம். ரொம்ப அபூர்வம். நான் ஒருத்தருக்குத்தான் பார்த்திருக்கேன்." அந்த ஒருத்தர் எப்படி இருக்கார் என்று இவர் கேட்டார், என் வீட்டுக்காரர் ஜெபராஜ், மின்வாரியத்தில் வேலை, பேச்சே இல்லாத மனுஷன், அன்றைக்கு முழுதும் அவர் பேசின ஒரே வாக்கியம் அது. "இல்ல. எங்ககிட்ட வரும்போதே லேட்" என்றார்கள் டாக்டர். பொய் சொல்லியிருக்கலாம். அவர்கள் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் அடுத்து சொன்ன எதையுமே நான் நம்பியிருக்க மாட்டேன்.

வாசலில் நடந்த சண்டை எனக்குக் கேட்டது. எலும்பு டாக்டர் காலுக்கு உடனே கம்பி வைக்க வேண்டும் என்கிறார், வயசில் மூத்தவர், குரலும் பெரிசு. டாக்டர் மெஹருன்னிசா குரல் எழும்பவே இல்லை, "முதல்ல கால்சியத்தை இறக்கணும் சார், அப்புறம் கழுத்து, அப்புறம்தான் கால்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கழுத்துக் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்போமே என்று இன்னொருத்தர் கேட்டதற்கு, "கூடாது, ஊசி போற வழியில அது சிந்திப் பரவிடும்" என்று அதே குரல். ஒரு ஆட்டக்காரி களத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து அங்கே நின்றுவிட்டால் எதிர் டீம் என்ன சத்தம் போட்டாலும் அசைய மாட்டாள், அப்படிப்பட்ட பிள்ளை பத்து வருஷத்தில் ஒன்று வரும், அது வந்ததும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். படுக்கையில் கிடந்தபடியே தெரிந்தது. ட்ரிப் ஏற்றி ஊசி போட்டுக் கால்சியத்தை இறக்கினார்கள், பனி விலகினது, ஒரு காலையில் கண்ணைத் திறந்தால் டீம் முழுக்க பேரோடு ஞாபகம் வருகிறது, சந்தன மாரி, சந்தன மாரி என்று சத்தமாகச் சொன்னேன், நர்ஸ் யாரைக் கூப்பிடுகிறேன் என்று ஓடிவந்தாள். ஆபரேஷன் செய்தவர் சங்கரபாண்டியன் என்ற சர்ஜன், மல்யுத்தக்காரர் மாதிரி உடம்பு, முந்தின நாள் வந்து, "கட்டி பக்கத்துல ஒட்டியிருந்தா உடைக்க மாட்டேன்மா, சுத்தியுள்ள தைராய்டோட சேர்த்து ஒரே துண்டா எடுத்துருவேன், ஒரு துளி சிந்தக் கூடாது. குரலுக்குப் போற நரம்பு அங்கதான் ஓடுது. காப்பாத்தப் பார்க்கேன். ஆனா ரெண்டுல ஒண்ணுன்னு வந்தா நீங்கதான் முக்கியம், குரல் இல்ல" என்றார். பி.டி. டீச்சருக்குக் குரல் இல்லை என்றால் என்ன மிச்சம் என்று நினைத்தேன், வாயில் வந்தது, "விசில் இருக்கு சார், நீங்க எடுங்க." அவர் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடிற்று. ஒட்டித்தான் இருந்ததாம். கல் மாதிரி, வெளுப்பாக. அந்தப் பெரிய கை, நூல் மாதிரி நரம்பை அதிலிருந்து உரித்துப் பிரித்து விட்டிருக்கிறது, நான் அதைப் பார்க்கவில்லை, ஆனால் பேசும் ஒவ்வொரு வார்த்தையிலும் அந்தக் கை இருக்கிறது, கரகரப்பாக, உடைந்து, ஆனாலும் என் குரல்.

"கடைசியா கை டீச்சர், உட்கார்ந்துக்கோங்க" என்று பிரேமா என்னைப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இருத்தி, உடையாத வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பலகையில் நீட்டி வைக்கிறாள். இந்த வியாதி முன்கை எலும்பைத்தான் அதிகம் தின்னுமாம், அதனால் இதையும் பார்க்க வேண்டுமாம். என் கையை நானே பார்க்கிறேன், வெயிலில் கறுத்த சாதாரணக் கை. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் இந்த விரல்கள் தானாகவே குவிந்து கொக்கின் மூக்கு மாதிரி இறுகிக்கொண்டன, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது, உடம்பெல்லாம் துடிக்கிறது, ஐயோ அது போகவில்லை, இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் மெஹருன்னிசா ஓடிவந்து பார்த்துவிட்டு, ட்ரிப்பைத் திருகிக்கொண்டே முகமெல்லாம் சிரிப்பாக, "எலும்புக்குப் பசி டீச்சர்! எங்க புஸ்தகத்துலயே இதுக்கு இதுதான் பேர். இத்தனை நாள் கொடுத்ததையெல்லாம் இப்போ திரும்ப வாங்குது. ரத்தத்துல இருக்கிறதை அப்படியே குடிச்சிடுது, அதான் விரல் இழுக்குது" என்றார்கள். மாத்திரை மேல் மாத்திரை, ட்ரிப் மேல் ட்ரிப், எவ்வளவு ஊற்றினாலும் போதவில்லை. பிராக்டீஸ் முடிந்ததும் பிள்ளைகள் குழாயடியில் விழுவார்கள், டம்ளர் எல்லாம் வேண்டாம், உள்ளங்கையைக் குவித்து, வாயை வைத்து, கழுத்தெல்லாம் நனைய, ஒருத்தி முடிக்குமுன் இன்னொருத்தி முட்டித் தள்ளி, அந்தச் சத்தம் என் உடம்புக்குள் கேட்டது. எலும்பு என்றால் ஏதோ உள்ளே நட்டுவைத்த கம்பு என்றுதான் நினைத்திருந்தேன். எலும்பு கூடு கிடையாது, அது ஒரு உயிர், பிடுங்கினவனுக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தது, ஒருநாள்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை, விட்டதும் கோபமில்லாமல் திரும்பக் கட்ட உட்கார்ந்துவிட்டது. அந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரரையும் பார்த்தேன். கூடவே குடியிருந்தும் பார்க்காத மனுஷன். வலிக்குதா என்று ஒரு தடவைகூடக் கேட்க மாட்டார், என் முகத்தைப் பார்த்துத் தலையணையை ஒரு விரக்கடை நகர்த்துவார், வலி நின்றுவிடும். தலைக்கு ஊற்றத் தெரியாது, பக்கத்துக் கட்டில் பெண்பிள்ளையிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார், கழுத்துத் தையலில் ஒரு சொட்டுப் படாமல் படுக்கவைத்து முடியை அலசிவிட்டார், கரண்டுக் கம்பியைத் தொடுகிற ஆள் எப்படித் தொடுவாரோ அப்படி. கட்டியை லேபில் பார்த்துப் புற்றுதான் என்று சொன்ன அன்றைக்கு வெளியே போய் நிலக்கடலை வாங்கிவந்து உரித்து உரித்து என் வாயில் போட்டார். இப்போதும் அந்த பாட்டிலை வைத்துக்கொண்டு அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். தாகத்தை அவரும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், எங்கே சுற்றினாலும் அந்தத் தண்ணீரில் வந்துதான் கால் இடறுகிறது. "முடிஞ்சிட்டு டீச்சர்" என்கிறாள் பிரேமா. எப்படி இருக்கு என்று கேட்க வாய் வருகிறது. "டாக்டர்தான் சொல்லணும்" என்று அவளே சொல்லிவிடுகிறாள்.

மாடிப்படி. லிஃப்ட் இருக்கிறது, அவர் லிஃப்டைப் பார்க்கிறார், நான் படியைப் பிடித்துவிட்டேன், ஒவ்வொரு படிக்கும் தொடைக் கம்பி இருக்கிறேன் இருக்கிறேன் என்கிறது. "நீ போ, நான் இங்கன இருக்கேன்" என்று அவர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், உள்ளே வந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். மேசையில் ஒரு வெள்ளைக் கவர், ஒட்டினபடியே. டாக்டர் மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. "உட்காருங்க டீச்சர். எலும்பு ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல வந்துட்டு, பார்த்துட்டேன். ரத்தம் இன்னும் பார்க்கல" என்றார்கள். ஏன் டாக்டர். கவரை ஒரு விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார்கள். "தனியா பார்க்க முடியல. போன தடவை அந்த இன்னொருத்தருக்கு நான் தனியாத்தான் திறந்து பார்த்தேன்." ஒரு நிமிஷம் எனக்கு என் பயமே மறந்துபோயிற்று. கை நடுங்குகிறது, எனக்கு இல்லை, அவர்களுக்கு. இந்தக் கையா என் கழுத்தில் அவ்வளவு நிதானமாக நின்றது, வாசலில் அவ்வளவு பேர் பேசியும் அசையாமல் நின்ற ஆளா இது, அன்றைக்கும் உள்ளே இப்படித்தான் நடுங்கியிருக்குமோ, நடுங்கிக்கொண்டேதான் நின்றார்களோ. அப்படியென்றால் நான் இவர்களைப் பற்றி நினைத்திருந்ததெல்லாம் குறைச்சல். "கொடுங்க, நான் கிழிக்கேன்" என்றேன். கிழித்தேன், எழுத்து எல்லாம் நீந்துகிறது, காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டேன். அவர்கள் விரல் வரிவரியாக இறங்கி ஒரு இடத்தில் நின்றது. "கால்சியம் ஒன்பது புள்ளி நாலு." இன்னும் ஒரு வரி. "ஹார்மோனும் நார்மல்." இன்னும் ஒன்று. "சுகரும் இல்ல." அல்ஹம்துலில்லாஹ் என்று மெதுவாகச் சொன்னார்கள், நான் ஆமென் என்றேன், இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். தாகம் டாக்டர், ரொம்பத் தாகமா இருக்கே, என்றேன். "பகல்ல எங்க இருக்கீங்க?" கிரவுண்டில், லீவில் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கேம்ப், நாற்காலி போட்டு உட்கார்ந்துதான். "மே மாசம், திருநெல்வேலி வெயில்ல கிரவுண்டுல இருந்துக்கிட்டு தாகம் எடுக்குதுன்னு என்கிட்ட கேட்கிறீங்களா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார்கள், போன வருஷத்து முதுகெலும்பு, இந்த வருஷத்து முதுகெலும்பு, மங்கிக் கிடந்ததும் வெள்ளையாக நிறைந்ததும், எலும்பு இப்படி ஏறி நான் பார்த்ததில்லை என்றார்கள். முன்கை கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, அது மெதுவாகத்தான் வருமாம். "இது திரும்ப வரலாம் டீச்சர், நான் மறைக்கல. வந்தா பார்த்து, இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு, மறுபடி எடுப்போம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம், கடைசி வரைக்கும்." சரி என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் இருந்தது. ஆகஸ்டில் ஜோனல் மேட்ச், அது முடிந்து வரட்டுமா என்று கேட்டேன். "முடியாது. ரத்தம் கொடுத்துட்டு மேட்சுக்குப் போங்க" என்று அதே எழும்பாத குரல், அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு, "கோ-கோன்னா எப்படி விளையாடுவாங்க? நான் படிக்கிற பிள்ளைன்னு என்னைக் கிரவுண்டுக்கே விட்டதில்ல" என்றார்கள். என்ன கேள்வி இது, ஒரு மனுஷி கோ-கோ தெரியாமலா இத்தனை வயசுக்கு வந்துவிட்டாள், மேசையில் இருந்த மாத்திரை அட்டைகளை எட்டாகப் பிரித்து வரிசையாக வைத்தேன், இவங்க குத்தவச்சு இருக்கிறவங்க, ஒண்ணு இந்தப் பக்கம் பார்க்கும், அடுத்தது அந்தப் பக்கம், ஸ்டேப்ளர் விரட்டுகிறவள், அவள் திரும்ப முடியாது, நடுவில் புகுந்து போகவும் முடியாது, உட்கார்ந்திருக்கிறவள் முதுகைத் தட்டி கோ என்று சொன்னால்தான் அவள் எழும்பி ஓடுவாள், ஆனால் இந்த பேனா மூடி இருக்கிறாளே, ஓடுகிறவள், இவள் எங்கே வேண்டுமானாலும் புகுந்து புறப்படலாம். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். நான் ஸ்டேப்ளரை நகர்த்துகிறேன், அவர்கள் மூடியைச் சட்டென்று இரண்டு அட்டைக்கு நடுவே திருப்புகிறார்கள், நல்ல ஆட்டம், கை நடுக்கம் நின்றுவிட்டது, கோ என்கிறேன் என் உடைந்த குரலில், கோ, கோ, கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டி, "மேடம், வெளிய கூட்டம் நிக்கி" என்கிறாள், டாக்டர் தலையைத் தூக்காமல், மூடியிலிருந்து விரலை எடுக்காமல், "ஒரு நிமிஷம் இரும்மா, இவ இன்னும் அவுட் ஆகல" என்றார்கள்.